தொடாமல் ஆட முடியாத ஆட்டம்

2025 தமிழ்நாட்டு ரசிகர்களுக்குக் கெட்ட வருடம் என்று பலரும் புலம்புகிறார்கள். புலம்பலில் நியாயம் இருக்கிறது. ஐபிஎல்லில் சென்னை சூப்பர் கிங்ஸ் பத்து அணிகளில் பத்தாவதாக வந்தது. 2008-இல் தொடர் தொடங்கியதிலிருந்து அந்த அணி கடைசி இடத்தில் நின்றது இதுவே முதல் முறை. புரோ கபடியில் தமிழ் தலைவாஸ் ஆகஸ்ட் 29 அன்று விசாகப்பட்டினத்தில் தெலுங்கு டைட்டன்ஸை 38-35 என்று வென்று சீசனைத் தொடங்கியபோது, இந்த முறை விடமாட்டார்கள் என்றுதான் நினைத்தோம். கடைசியில் முதல் எட்டு இடத்துக்குள்கூட வரவில்லை. சீசன் நடுவிலேயே பவன் செராவத் அணியிலிருந்து நீக்கப்பட்டார். ஒழுங்கு நடவடிக்கை என்றது நிர்வாகம், இல்லை என்று மறுத்தார் அவர். அக்டோபர் 31 இறுதிப் போட்டியில் தபங் தில்லி 31-28 என்ற கணக்கில் புனேரி பல்தானைச் சாய்த்துக் கோப்பையை எடுத்துக்கொண்டது. நாம் வழக்கம்போல அடுத்தவன் கோப்பைக்குக் கைதட்டினோம்.

தலைவாஸ் ரசிகனுக்கு இது பழகிப்போன வலி. 2017-இல் லீக்குக்குள் வந்த அணி, முதல் மூன்று சீசனிலும் அடிமட்டத்திலேயே கிடந்தது. 2022-இல் மட்டும் அரையிறுதி வரை போய் புனேரியிடம் 37-39 என்று இரண்டே புள்ளியில் விட்டது. அந்த இரண்டு புள்ளியை இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். தஞ்சைப் பக்கத்துத் தர்மராஜ் சேரலாதன் தலைமையில் பாட்னா பைரேட்ஸ் 2016-இல் கோப்பை வென்றது. தமிழன் தலைமை தாங்கி பீகாருக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தான், தமிழ்நாட்டு அணிக்கு ஒன்றும் இல்லை என்று கேலி பேசுவார்கள். பேசட்டும். நான் அடுத்த சீசனும் பார்ப்பேன்.

ஆனால் ஒரு வருடத்தைப் புள்ளிப் பட்டியலை மட்டும் வைத்து எடை போட முடியாது. கபடி ரசிகன் என்ற முறையில் இந்த 2025-ஐப் பற்றிச் சொல்ல எனக்கு வேறு கணக்கு இருக்கிறது.

கபடிக்கு ஒரு குணம் உண்டு. தொடாமல் இதை ஆட முடியாது. பாடிப் போகிறவன் எதிரணிக்காரனைத் தொட்டுத் திரும்பினால் புள்ளி. தொட்டவனை மடக்க வேண்டுமென்றால் காலைப் பிடிக்க வேண்டும், இடுப்பைக் கட்ட வேண்டும், மேலே விழுந்து அமுக்க வேண்டும். தற்காப்பில் நிற்பவர்கள் ஒருவர் கையை ஒருவர் கோத்துச் சங்கிலியாக நிற்க வேண்டும். பக்கத்தில் நிற்பவன் கையைப் பிடிக்கக் கூசுகிறவன் சங்கிலியில் நிற்கவே முடியாது. வியர்வை வியர்வையோடு கலக்கும். யார் மூச்சு யார் முகத்தில் படுகிறது என்ற கணக்கெல்லாம் கிடையாது.

கிரிக்கெட்டில் அப்படி இல்லை. நடுவில் ஒரு பந்து இருக்கிறது, 22 கஜம் இருக்கிறது. பல்வங்கர் பாலு என்ற தலித் சுழற்பந்து வீச்சாளர் நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்துக்கள் அணிக்கு விக்கெட் விக்கெட்டாக எடுத்துக் கொடுத்தார். புனேயில் அவர் எடுத்த விக்கெட் அணிக்குச் சொந்தம். தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே தனியாக, குடித்ததும் தூக்கிப் போடுகிற மண் குவளையில் தேநீர். 1911-இல் இங்கிலாந்துக்குப் போன அணியில் அந்தச் சுற்றுப்பயணம் முழுவதும் சேர்த்து நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தவர் அவர். கடைசி வரை இந்துக்கள் அணிக்கு அவரைக் கேப்டன் ஆக்கவில்லை. அவருடைய தம்பி விட்டல்தான் 1923-இல் அந்த இடத்துக்கு வந்தார். ஆளைத் தொடாமல் அவன் உழைப்பை மட்டும் வாங்கிக்கொள்ள கிரிக்கெட்டில் வழி இருந்தது.

கபடியில் அந்த வழி இல்லை. அதனால் சாதி இங்கே வேறு தந்திரம் செய்கிறது. அணியையே தெருவாரியாகப் பிரிக்கிறது, மைதானத்தையே பிரிக்கிறது. மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களில் பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் நடக்கிற கபடிப் போட்டிகளின் நோட்டீஸை எடுத்துப் பாருங்கள். அணியின் பெயரைப் படித்தாலே எந்தத் தெரு, எந்தச் சாதி என்று தெரிந்துவிடும். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கபடிப் போட்டிக்கு அனுமதி கொடுக்கும்போது, வீரர்களின் உடையில் சாதி, கட்சி அடையாளம் இருக்கக் கூடாது என்று நிபந்தனை போடுகிறது. பனியனில் இருப்பதைத் தடுக்கலாம். அணி சேரும்போதே நடந்த பிரிவினையை அந்த நிபந்தனை எட்டவில்லை.

அந்தப் பிரிவினைக்கு என்ன விலை என்பதையும் 2025 காட்டியது. மார்ச் மாதம், தூத்துக்குடி மாவட்டத்தில், 11-ஆம் வகுப்பு படிக்கும் தலித் மாணவர் ஒருவர் தேர்வு எழுதப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தார். வழிமறித்து, கீழே இழுத்துப் போட்டு, கை விரல்களை வெட்டினார்கள். தடுக்கப் போன அப்பாவுக்கும் வெட்டு. அந்தப் பையன் கபடி வீரர். அவர் ஆடிய அணி ஒரு போட்டியில் ஜெயித்ததுதான் காரணம் என்று குடும்பத்தார் சொன்னார்கள். வெட்டுப்பட்ட விரல்களை அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்து பொருத்தினார்கள். கபடி ஆடுகிறவனுக்கு விரல் என்றால் என்ன என்று ரசிகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கோட்டைத் தொடுவதும் விரல்தான், கணுக்காலைக் கவ்வுவதும் விரல்தான்.

அதே மாவட்டத்து மணத்தி கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடியவர். 1995-க்கான அர்ஜுனா விருது பெற்றவர். அவருடைய வாழ்க்கையின் தாக்கத்தில் மாரி செல்வராஜ் எடுத்த ‘பைசன்’ இந்த அக்டோபரில் வெளியானது. தொண்ணூறுகளின் கலவரங்களுக்கு நடுவே கபடி ஆட ஆசைப்பட்ட ஒரு பையனின் கதை. படம் பார்த்த பலர், இதெல்லாம் பழைய கதை, இப்போது யார் சாதி பார்க்கிறார்கள் என்றார்கள். அவர்களுக்கு மார்ச் மாதத்துச் செய்தித்தாளை எடுத்துக் கொடுத்தால் போதும்.

இன்னொரு பேச்சும் வரும்: ‘விளையாட்டில் சாதியைக் கொண்டுவராதீர்கள்.’ 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் வந்தனா கட்டாரியா தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் போட்டார். ஒலிம்பிக் ஹாக்கியில் ஹாட்ரிக் அடித்த முதல் இந்தியப் பெண். அரையிறுதியில் இந்திய அணி அர்ஜென்டினாவிடம் தோற்றதும், ஹரித்துவார் பக்கத்தில் அவர் வீட்டு வாசலில் பட்டாசு வெடித்துச் சாதி சொல்லித் திட்டினார்கள். விளையாட்டுக்குள் சாதியைக் கொண்டுவந்தது யார்? அதைப் பற்றிப் பேசுகிறவர்களிடம் போய் இந்தக் கேள்வியைக் கேட்பதில் அர்த்தமில்லை.

‘காலனிப் பையன்களும் அம்பேத்கர் பெயரில் தனி அணி வைத்திருக்கிறார்களே, அது மட்டும் சாதி இல்லையா?’ என்று கேட்கிற நண்பர்களும் உண்டு. ஊர் அணியில் சேர்த்துக்கொண்டு, ஊர் மைதானத்தில் ஆடவிட்டு, அதற்குப் பிறகும் அவர்கள் தனி அணி வைத்தால் கேளுங்கள், பதில் சொல்கிறோம். இடம் கிடைக்காதவன் தன் தெருவில் கோடு கிழித்து ஆடுகிறான். அந்தக் கோட்டை அழிக்கிற பொறுப்பு முதலில் மைதானத்தை வைத்திருப்பவனுக்குத்தான்.

இதை நான் கீழக்குயில்குடியிலிருந்து எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. குற்றப்பரம்பரைச் சட்டத்தை வெள்ளைக்காரன் மதுரை மாவட்டத்தில் முதன்முதலாக 1914-இல் அமல்படுத்தியது இந்த ஊர்க் கள்ளர் மக்கள் மீதுதான். பிறப்பை வைத்துக் குற்றவாளி என்று எழுதினான். இரவில் எங்கே படுக்க வேண்டும், எப்போது வெளியே போகலாம் என்பதைச் சர்க்கார் பதிவேடு தீர்மானித்தது. சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947-இல்தான் ஒழிந்தது. பிறந்த சாதிக்காக ஒரு மனிதன் எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக் கூடாது என்று அடுத்தவன் முடிவு செய்தால் எப்படி இருக்கும் என்பது சமணர் மலை அடிவாரத்துக்குத் தெரியாத விஷயம் இல்லை. அந்த நினைவு உள்ளவர்கள், மைதானத்து ஓரத்தில் நிறுத்தப்பட்ட பையனோடு நிற்பதுதான் முறை. இந்த வட்டாரத்துக் கள்ளர் இளைஞர்களிடம் நான் இதை உரிமையோடு கேட்கிறேன். நீங்களும் நாங்களும் ஒரே சங்கிலியில் நின்றால் மதுரையிலிருந்து எப்பேர்ப்பட்ட அணி வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

லீக்கில் இது நடக்கத்தான் செய்கிறது. 2023-இல் பவன் செராவத்தைத் தெலுங்கு டைட்டன்ஸ் 2.605 கோடிக்கு எடுத்தது. இந்த சீசனில் ஈரான்காரர் முகமதுரெசா ஷாட்லூயியைக் குஜராத் 2.23 கோடிக்கு எடுத்தது. கோப்பை வென்ற தில்லி அணியின் தற்காப்பில் இன்னொரு ஈரான்காரர் ஃபசல் அத்ராச்சலி நின்றார். மொழி வேறு, மதம் வேறு, நாடு வேறு. கை கோத்தார்கள், கோப்பை தூக்கினார்கள். கடல் கடந்து வந்தவனைக் கட்டிப்பிடித்துக் கொண்டாடத் தெரிந்த நமக்கு, அடுத்த தெருப் பையனின் கையைக் கோக்கத் தெரியவில்லை.

இந்த வருடத்தை நல்ல வருடம் என்று நான் சொல்வதற்கும் காரணம் உண்டு. அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் கபடி அணி இறுதியில் ஈரானை 75-21 என்று நொறுக்கித் தங்கம் வாங்கியது. அந்த அணியின் துணைக் கேப்டன் கார்த்திகா, சென்னை கண்ணகி நகர்ப் பெண். நகரத்துக்கு நடுவே வாழ்ந்த ஏழைகளைக் குடிசையைப் பிடுங்கிக் கொண்டுபோய்க் கொட்டிய இடம் கண்ணகி நகர். அந்த முகவரியைச் சொன்னால் வேலை கிடைக்காது என்று மறைத்தவர்கள் எத்தனையோ பேர். இன்று அந்தப் பெயரை ஒரு பெண் தங்கத்தோடு சேர்த்துச் சொல்ல வைத்திருக்கிறார். ஆண்கள் அணியில் தங்கம் வென்ற வடுவூர் அபினேஷுக்கும் அவருக்கும் தமிழ்நாடு அரசு தலா 25 லட்சம் கொடுத்தது. வரவேற்கிறோம். நவம்பரில் டாக்காவில் இந்தியப் பெண்கள் சீன தைபேயை 35-28 என்று வென்று உலகக் கோப்பையும் வாங்கினார்கள்.

இந்தப் பெண்களுக்கு அடுத்து எங்கே ஆட இடம்? ஆண்களுக்கு 12 சீசன் முடிந்துவிட்டது. பெண்களுக்கு 2016-இல் மூன்று அணிகளை வைத்து ஒரு முறை சவால் போட்டி நடத்தினார்கள், அதோடு சரி. உலகக் கோப்பை வென்றவர்களுக்கு ஏலமும் இல்லை, அதே அளவில் ஒரு லீக்கும் இல்லை.

ஆகவே ரசிகர்களே, அடுத்த சீசனில் தலைவாஸ் யாரை ஏலத்தில் எடுக்க வேண்டும் என்று சண்டை போடுவதற்கு நடுவே, கொஞ்சம் நம் ஊருக்குள்ளும் பார்ப்போம். செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் இல்லை.

உங்கள் ஊராட்சியில் விளையாட்டு மைதானம் எங்கே இருக்கிறது, அதில் யார் ஆடுகிறார்கள் என்று கிராம சபையில் கேளுங்கள். அரசுப் பணத்தில் பராமரிக்கிற பொது இடத்தைப் பயன்படுத்த யாரையும் சாதியைச் சொல்லித் தடுக்கக் கூடாது என்கிறது அண்ணல் எழுதிய அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவு. தலித்துகளைப் பொது இடத்துக்குள் வரவிடாமல் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். ஊராட்சிகளுக்கு அரசு கொடுத்த கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு யார் பொறுப்பில் இருக்கிறது, பூட்டின் சாவி யாரிடம், காலனிப் பிள்ளைகள் கேட்டால் கிடைக்கிறதா என்றும் கேளுங்கள்.

போட்டி நடத்துகிறவர்களுக்கு ஒரு யோசனை. தெருவுக்கு ஒரு அணி என்பதை விடுங்கள். ஊராட்சிக்கு ஒரு அணி, அதில் ஊரும் காலனியும் கலந்துதான் ஏழு பேர் என்று விதி போடுங்கள். காவல்துறையும் நன்கொடை தருகிறவர்களும் அப்படிப்பட்ட போட்டிக்கு முன்னுரிமை கொடுக்கட்டும். முதல் வருடம் சண்டை வரலாம். ஒரே அணியில் ஆடித் தோற்றவர்கள் சேர்ந்து திட்டு வாங்குவார்கள், ஜெயித்தவர்கள் சேர்ந்து சாப்பிடுவார்கள். இரண்டுமே நல்லதுதான்.

அந்தத் தூத்துக்குடிப் பையனின் வழக்கு நீர்த்துப் போகாமல் பார்த்துக்கொள்வதும் கபடி ரசிகர்களின் வேலைதான். அவர் மீண்டும் களத்துக்கு வந்து, கோட்டைத் தாண்டிப் பாடிப் போகிற நாள் வர வேண்டும். தலைவாஸ் கோப்பை வாங்குவது அதற்கு அப்புறம் நடக்கட்டும்.

ஜெய்பீம்.