பாக் நீரிணையிலிருந்து புரூஜ் வரை



ராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோர ஊர் ஒன்றிலிருந்து ஒரு தந்தை கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய மகள் அரசியல் அறிவியலில் முதுகலை படிக்கிறாள். பெல்ஜியத்தின் புரூஜ் நகரில் நடக்கும் பன்னாட்டுக் கோடைப் பள்ளி ஒன்றில் அவளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. படிக்கப்போவது பிராந்திய அரசியல் ஒருங்கிணைப்பு. “ஐரோப்பாக்காரர்கள் ஒன்று சேர்ந்த கதையைத் தெரிந்துகொண்டு வந்து எங்கள் பிள்ளை இங்கே என்ன செய்யப்போகிறாள்? கடன் வாங்கி அனுப்பலாமா?” என்று கேட்கிறார்.

அனுப்புங்கள் ஐயா. உதவித்தொகைக்கு முதலில் முயலுங்கள், ஆனால் அனுப்புங்கள். ஏன் இப்படி உறுதியாகச் சொல்கிறேன் என்பதை எல்லா வாசகர்களுக்குமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இதே கேள்வி இன்னும் பல வீடுகளில் இருக்கும்.

புரூஜ் இந்தப் படிப்புக்குப் பழகிய ஊர். இரண்டாம் உலகப் போர் முடிந்து நான்கே ஆண்டுகளில், 1949-ல், அங்கே ஐரோப்பியக் கல்லூரி தொடங்கப்பட்டது. போரில் மோதிக்கொண்ட நாடுகளின் பிள்ளைகள் சேர்ந்து தங்கி, சேர்ந்து படிக்க வேண்டும் என்பது அதைத் தொடங்கியவர்களின் விருப்பம். 2001 முதல் ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிறுவனம் ஒன்றும் அதே ஊரில் இயங்குகிறது. ஐரோப்பாவை மட்டுமல்ல, ஆப்பிரிக்கா, ஆசியா, லத்தீன் அமெரிக்கா என்று எல்லாப் பிராந்தியக் கூட்டமைப்புகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பது அதன் வேலை. ஐரோப்பிய ஒருங்கிணைப்பின் மீதான மிகக் கடுமையான விமர்சனங்களில் ஒன்றும் புரூஜில்தான் ஒலித்தது. 1988 செப்டம்பரில் ஐரோப்பியக் கல்லூரியின் அழைப்பில் வந்த அன்றைய பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சர், பிரஸ்ஸல்ஸிலிருந்து எல்லோரையும் ஆளும் ஒரு மேலரசு வேண்டவே வேண்டாம் என்று பேசினார். எதிர்ப்பவரையும் அழைத்து உட்கார்ந்து கேட்ட ஊர் என்பதாலேயே எனக்கு அதன்மேல் மதிப்பு.

ஒருங்கிணைப்பு என்றால் தலைவர்கள் கைகோத்துப் புகைப்படம் எடுத்துக்கொள்வது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். ஐரோப்பா தொடங்கியது நிலக்கரியிலும் எஃகிலும். பீரங்கி செய்ய இரண்டும் வேண்டும். அவற்றின் சுரங்கங்களிலும் உலைகளிலும் பல, பிரான்சும் ஜெர்மனியும் மாறிமாறிப் பறித்துக்கொண்ட எல்லைப் பகுதிகளில் இருந்தன. அந்த உற்பத்தி முழுவதையும் இரு நாட்டுக்கும் பொதுவான ஓர் அதிகார அமைப்பின் கீழ் வைத்துவிடலாம், மற்ற நாடுகளும் சேரலாம் என்று 1950 மே 9 அன்று பிரான்சின் வெளியுறவு அமைச்சர் ரொபேர் ஷூமன் அறிவித்தார். அடுத்த ஆண்டு ஆறு நாடுகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன.

ஷூமனின் வாழ்க்கையையே அந்தப் பெண் ஒரு பாடமாகப் படிக்கலாம். அவர் லக்சம்பர்க்கில் பிறந்தவர். தந்தை லொரேன் பகுதியைச் சேர்ந்தவர். அப்போது அது ஜெர்மனியிடம் இருந்ததால் ஜெர்மன் குடிமகனாக வளர்ந்தார். முதல் உலகப் போருக்குப் பிறகு லொரேன் கைமாறியபோது பிரெஞ்சுக் குடிமகனானார். அவரோடு நின்ற இத்தாலியப் பிரதமர் தெ காஸ்பெரி, ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் பிறந்து வியன்னா நாடாளுமன்றத்தில் உறுப்பினராக இருந்தவர். மேற்கு ஜெர்மனியின் சான்சலர் அதெனாவர் ரைன் நதிக்கரைக்காரர். எல்லைக்கோடு நகர்ந்தால் வீட்டுக்குள் என்னவெல்லாம் நடக்கும் என்று பட்டுத் தெரிந்தவர்கள் இவர்கள். மூவரும் தங்களுக்குள் ஜெர்மனிலேயே பேசிக்கொள்ள முடிந்தது. அறிவிப்பை வரைந்த ழான் மொனே கொன்யாக் ஊரின் பிராந்தி வணிகக் குடும்பத்துப் பிள்ளை. பல்கலைக்கழகத்தில் காலடி வைக்காமல் பதினாறு வயதில் படிப்பை விட்டவர். கடல் எல்லையோரத்தில் பிறந்த ஒரு பெண்ணுக்கு எல்லைக்கோடுகளின் இந்தக் கதை அந்நியமாக இருக்காது.

இத்தகைய கோடைப் பள்ளிகளில் காலையில் விரிவுரை இருக்கும். மாணவர்கள் பிறகு பேசிப்பேசி மாய்வது ஒத்திகைப் பேரவையைப் பற்றித்தான். ஒவ்வொருவருக்கும் ஒரு நாடு தரப்படும், பெரும்பாலும் சொந்த நாடு இல்லை. கானா மாணவன் மால்டாவுக்காகப் பேசுவான், இந்திய மாணவி போலந்துக்காகப் பேசுவாள். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகளே அங்கும் விதிகள்: பல விஷயங்களில் ஒரு சட்டம் நிறைவேற ஒன்றியத்தின் 27 நாடுகளில் 15 சேர வேண்டும். அந்த நாடுகளில் ஒன்றியத்து மக்களில் 65 விழுக்காட்டினர் இருக்க வேண்டும். வரி, வெளியுறவு போன்றவற்றில் ஒரே ஒரு நாடு மறுத்தாலும் போயிற்று. ஐந்தரை லட்சம் பேர் கொண்ட மால்டாவும் எட்டுக் கோடிக்கு மேல் மக்கள் கொண்ட ஜெர்மனியும் ஒரே மேசையில் அமர்ந்து பேரம் பேசும்போது, சின்ன நாடு எதற்குப் பயப்படுகிறது, பெரிய நாடு எதற்காக விட்டுக்கொடுக்கிறது என்பது புரிகிறது. இந்தியா போன்ற பெரிய நாட்டில் வளர்ந்த பிள்ளைக்கு, சிறிய நாட்டின் குரலில் சில நாள் பேசிப் பார்ப்பது மிகவும் அவசியம் என்று நினைக்கிறேன்.

ஐயா, உங்கள் ஊருக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஒன்று அந்தப் பாடத்தில் உண்டு. மீன். வட கடலில் எந்த மீனை எந்த நாடு எவ்வளவு பிடிக்கலாம் என்று 1983 முதல் ஐரோப்பாவில் பொதுவான பங்கீடு இருக்கிறது. கடலில் எவ்வளவு மீன் மிஞ்சியிருக்கிறது என்று அறிவியலாளர்கள் கணித்துச் சொல்வார்கள். ஆண்டுதோறும் டிசம்பரில் மீன்வள அமைச்சர்கள் பிரஸ்ஸல்ஸில் கூடி, விடிய விடிய வாதாடி அடுத்த ஆண்டுக்கான அளவை முடிவு செய்வார்கள். 1970-களில் யார் எவ்வளவு பிடித்தார்கள் என்ற கணக்கே பங்குகளுக்கு முக்கிய அடிப்படை.

இது குறையில்லாத ஏற்பாடு அல்ல. பங்குக்கு மேல் வலையில் விழுந்த மீனைச் செத்த பிறகும் கடலிலேயே கொட்டிய கொடுமை பல ஆண்டுகள் நடந்தது. 2013-ன் சீர்திருத்தத்துக்குப் பிறகுதான் அதைத் தடுக்கும் விதி வந்தது. நார்வே மக்கள் 1972-ல் ஐரோப்பியக் கூட்டமைப்பில் சேர மறுத்ததற்கு மீன் ஒரு பெரிய காரணம். பிரிட்டன் வெளியேறியபோதும் மீனவர்களின் மனக்கசப்பு உரக்கக் கேட்டது. வெளியேற்றத்தைத் தொடர்ந்த பேச்சுவார்த்தையின்போது பெல்ஜியம் ஒரு பழைய பட்டயத்தை நினைவூட்டியது. ஆங்கிலேயக் கடலில் என்றென்றும் மீன்பிடிக்கும் உரிமையைப் புரூஜின் மீனவர் 50 பேருக்கு இரண்டாம் சார்லஸ் மன்னர் 1666-ல் கொடுத்திருந்தார்! மகள் படிக்கப்போகும் ஊரின் மீனவர்கள் அவர்கள்.

இப்போது நம் பக்கம் வருவோம். 1974, 1976 ஒப்பந்தங்கள் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே, பாக் நீரிணை உள்ளிட்ட கடலில், கோடு போட்டன. கோடு போட்டார்களே தவிர, மீனைப் பகிர்ந்துகொள்ளவும் காக்கவும் ஒரு பொது அமைப்பை உருவாக்கவில்லை. நம் படகுகள் பிடிபடுகின்றன, நம்மவர்கள் சிறைக்குப் போகிறார்கள். அந்தக் கரையிலோ, உள்நாட்டுப் போர்க்காலத்தில் சுதந்திரமாகக் கடலுக்குப் போக முடியாமல் தவித்த வடக்கின் தமிழ் மீனவர்கள், எங்கள் வலைகளை உங்கள் இழுவைப் படகுகள் அறுக்கின்றன என்று குமுறுகிறார்கள். இருவர் வேதனையும் உண்மை. இதைப் பேசப் பிராந்திய மேடை எங்கே? 1985-ல் டாக்காவில் பிறந்த, தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க் இருக்கிறது. ஆனால் இருதரப்புப் பிரச்சினைகளையும் சர்ச்சைக்குரியவற்றையும் அங்கே விவாதிக்கக் கூடாது என்று அதன் சாசனமே, பத்தாவது பிரிவில், சொல்லிவிட்டது. 2014-ல் காத்மாண்டுவில் கூடிய பிறகு அதன் உச்சி மாநாடு நடக்கவே இல்லை. தெற்காசிய நாடுகளின் மொத்த வணிகத்தில் தங்களுக்குள் நடப்பது சுமார் 5 விழுக்காடுதான். எனக்கு இது பெரிய வருத்தம்.

வழியே இல்லை என்று முடிவுகட்டவும் மாட்டேன். கென்யா, தான்சானியா, உகாண்டா மூன்றும் 1967-ல் அமைத்த கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகம் பத்தே ஆண்டில் உடைந்தது. பொது ரயில்வேயும் பொது விமான நிறுவனமும் சிதறின. அதே மூன்று நாடுகள் 1999-ல் மறுபடி ஒப்பந்தம் போட்டு, இன்று இன்னும் பல நாடுகளைச் சேர்த்துக்கொண்டிருக்கின்றன. உடைந்தது எப்படி, ஒட்டியது எப்படி என்பதை மகள் அங்கே அவசியம் கேட்க வேண்டும். ஐரோப்பாவைவிட அதுவே நமக்கு அதிகம் உதவும்.

பெல்ஜியம் செல்லத் தேவையான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி நேரம் வரை காத்திருக்க வேண்டாம். சார்க் சாசனத்தை அவள் ஒருமுறை முழுதாகப் படித்துவிட்டுப் போகட்டும், சில பக்கங்கள்தான். புறப்படுமுன் உங்கள் ஊர் மீனவர் சங்கத்தில் ஒரு மாலை உட்கார்ந்து பேசட்டும். திரும்பி வந்ததும், பாக் நீரிணைக்கு ஒரு பொதுப் பங்கீடு சாத்தியமா என்று நம் இதழுக்கு எழுதட்டும். யாழ்ப்பாணத்திலிருந்தோ மன்னாரிலிருந்தோ ஒரு மாணவரும் இதே கேள்விக்கு எழுதினால் இரண்டையும் அடுத்தடுத்த பக்கங்களில் வெளியிடுவோம். இத்தகைய கோடைப் பள்ளிகளில் படித்து வந்த வாசகர்களும் உங்கள் அனுபவத்தை அனுப்புங்கள். செலவுக் கணக்கையும் உதவித்தொகை விவரத்தையும் மறக்காமல் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்