ரூ.2 லட்சத்துக்கு விளையாட்டு கார்டு! பையன் கேட்டால் வாங்கித் தரலாமா? நங்கநல்லூர் பெற்றோருக்கு ஒரு கணக்கு

நங்கநல்லூர்,

ஒரு காலத்தில் பையன் சைக்கிள் கேட்டான். அப்புறம் மோட்டார் சைக்கிள் கேட்டான். இப்போது கிராபிக்ஸ் கார்டு கேட்கிறான். "எவ்வளவுடா?" என்று கேட்கும் அப்பாவுக்கு பதிலைக் கேட்டதும் மயக்கம் வராத குறைதான்.

'என்விடியா' கம்பெனியின் ஜியிபோர்ஸ் ஆர்.டி.எக்ஸ். 5090 கார்டுக்கு இந்தியாவில் அறிவிக்கப்பட்ட ஆரம்ப விலை ரூ.2 லட்சத்து 14 ஆயிரம். (பெயரைப் பார்த்து பதற வேண்டாம். குண்டு வெடிப்பு வழக்குகளில் அடிபடும் ஆர்.டி.எக்ஸ். வேறு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே மாதிரி வந்து தொலைக்கிறது.)

2025 ஜனவரியில் அமெரிக்காவில் லாஸ் வேகாஸ் நகரில் கம்பெனித் தலைவர் ஜென்சன் ஹுவாங் இதை அறிமுகம் செய்தார். அந்த மாதம் 30-ந்தேதி கடைக்கு வந்தது. அறிவித்த விலைக்கே வாங்கியவர்கள் கொஞ்சம் பேர்தான். சரக்கு தட்டுப்பாடு. கூடுதல் விலைக்குத்தான் கைமாறியது.

அப்படி என்ன இருக்கிறது?

விளையாட்டில் கார் பறக்கிறது, மழை கொட்டுகிறது, கண்ணாடியில் வெளிச்சம் அடிக்கிறது. இதை வினாடிக்கு 60 தடவை, 120 தடவை புதிது புதிதாக வரைவதுதான் கிராபிக்ஸ் கார்டின் வேலை. 5090-ல் இந்தக் கணக்கைப் போட 21 ஆயிரத்து 760 கணக்குப்பிள்ளைகள் சிப்புக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். நினைவகம் 32 ஜி.பி. வேகத்தில் கில்லாடி. அதில் சந்தேகமே இல்லை.

ஆனால் இதற்கு முந்தைய அண்ணன் 4090-ஐ பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அது 2022 அக்டோபரில் வந்தது. 4கே திரையில் தம்பியின் வேகம் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை கூடுதல். சரி. அமெரிக்க விலை 1,599 டாலரில் இருந்து 1,999 டாலர் ஆனது. அதுவும் கால் பங்கு கூடுதல். மின்சாரம் 450 வாட்டில் இருந்து 575 வாட். அதுவும் கால் பங்குக்கு மேல்! வேகம் ஏறிய அளவுக்கு விலையும் கரண்டும் ஏறியிருக்கிறது. இதில் லாபம் எங்கே?

யூகப் படம்

விளம்பரத்தில் வரும் பெரிய பெரிய எண்களுக்குப் பின்னால் ஒரு வித்தை இருக்கிறது. கார்டு ஒரு படத்தை நிஜமாக வரையும். அடுத்து மூன்று படம் வரை யூகித்துப் போடும். கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும். கைக்கு அப்படித் தெரியாது. பட்டனை அழுத்தியதும் துப்பாக்கி சுடும் வேகம் அதனால் கூடுவதில்லை. ரூ.59 ஆயிரம் ஆரம்ப விலை சொன்ன 5070 கார்டு 4090-க்கு சமம் என்று மேடையில் சொன்னது கூட இந்த யூகப் படங்களையும் சேர்த்துத்தான்.

உருகிய பிளக்

பெற்றோர் முக்கியமாகக் கேட்க வேண்டியது இதை. கார்டுக்கு கரண்டு போவது கட்டை விரல் அகல பிளக் வழியாக. 12 வோல்ட்டில் 575 வாட் என்றால் சுமார் 48 ஆம்பியர்! நம் வீட்டு ஏ.சி. பிளக்கே 15, 16 ஆம்பியர்தான். வோல்ட் குறைவு என்பதால் ஷாக் அடிக்காது. ஆனால் பிளக்கைச் சூடேற்றுவது ஆம்பியர். ஆறு கம்பிகளும் சுமையை சமமாகப் பங்கு போட்டால் பிழைத்தோம். ஒன்றிரண்டு கம்பி மேல் பாரம் விழுந்தால் பிளாஸ்டிக் உருகும்.

2022-ல் 4090 கார்டுகளில் இப்படி நடந்தது. பிளக்கை முழுதாகச் சொருகாததே முக்கியக் காரணம் என்றது கம்பெனி. பிளக்கின் அமைப்பைத் திருத்தினார்கள். அப்படியும் 2025 பிப்ரவரியில் 5090-லும் உருகியதாகப் புகார் வந்தது. அதே மாதம் இன்னொரு குட்டும் உடைந்தது. சுமார் அரை சதவீத கார்டுகளில் சிப்பின் ஒரு பகுதி வேலை செய்யவில்லை என்று கம்பெனியே ஒப்புக்கொண்டு மாற்றித் தந்தது.

பில் எவ்வளவு?

தினம் நாலு மணி நேரம் முழு வேகத்தில் ஆடினால் இரண்டு மாதத்துக்கு கார்டு மட்டும் 138 யூனிட் தின்னும். 2024 ஜூலை கட்டணப்படி 500 யூனிட்டைத் தாண்டிய வீட்டுக்கு அடுத்த 100 யூனிட் தலா ரூ.8.55. அதற்கு மேல் ரூ.9.65. ஆக கார்டுக்கு மட்டும் ரூ.1,200-க்கு மேல் தண்டம். மற்ற பாகங்களுக்குத் தனி.

அந்த 575 வாட்டும் கடைசியில் அறைக்குள் வெப்பமாகத்தான் இறங்கும். ஒரு டன் ஏ.சி. வெளியேற்றும் வெப்பத்தில் ஆறில் ஒரு பங்கு இது. அக்னி நட்சத்திரத்தில் பத்துக்குப் பத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஆடிப் பார்க்கட்டும், தெரியும்.

வீட்டில் இருக்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ். தருவது சுமார் 360 வாட். கார்டுக்கே காணாது. கரண்டு போனால் எல்லாம் 'டப்'. ஆயிரம் வாட் பவர் சப்ளையும் புதிதாக வாங்க வேண்டும். சாதாரண திரையை வைத்துக்கொண்டு இதை வாங்குவது சந்துக்குள் ஓட்ட லாரி வாங்குவது போல. 4கே திரை வேண்டும். அதற்கு வேறு பணம்.

யாருக்கு கட்டுப்படியாகும்? சாலிகிராமம், வடபழனி பக்கம் சினிமா கிராபிக்ஸ் செய்கிறவர்களுக்கு. வீட்டிலேயே ஏ.ஐ. மாடல் ஓட்டுகிறவர்களுக்கு. அவர்களுக்கு 32 ஜி.பி. என்பது சோறு போடும் சமாச்சாரம். கல்லூரி பீஸ் கட்ட வேண்டிய வருடத்தில், விளையாடுவதற்கு மட்டும், அதுவும் தவணையில் என்றால் வேண்டவே வேண்டாம். 5070 போதும்.

வாங்கியே தீருவது என்றால் நங்கநல்லூர் ரோடு ஸ்டேஷனில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கி ரிச்சி தெருவுக்கு அப்பாவும் கூடப் போங்கள். ஜி.எஸ்.டி. பில்லில் சீரியல் நம்பர் எழுதி வாங்குங்கள். பெட்டியைக் கடையிலேயே பிரியுங்கள். 2025-ல் அமெரிக்காவில் கலிபோர்னியா கடை ஒன்றில் 5090 பெட்டிகளைப் பிரித்தபோது கார்டு இல்லை. உள்ளே முதுகில் மாட்டும் மலிவுப் பைகள்!