உப்புக்காற்றுக்கு ஓய்வில்லை

திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் முடித்த குடும்பங்கள், பந்தி எழுந்ததும் வேனைத் திருப்புவது தரங்கம்பாடிக்குத்தான். மாலை மாற்றிக்கொண்ட தம்பதி டேனிஷ் கோட்டைப் படியில் உட்கார்ந்துவிட, பேரப்பிள்ளைகள் மாடிக்கு ஓடுவார்கள். 'ஓசோன் காற்று வீசும் ஊர்' என்று சொல்லித்தான் எல்லோரையும் அழைக்கிறோம். ஓசோன் இருக்கட்டும், அந்தக் காற்றில் உப்பு இருக்கிறது. நானூறு ஆண்டுகளாகக் கோட்டையைத் தின்பது அதுதான்.

தஞ்சை ரகுநாத நாயக்கரின் அனுமதியோடு 1620இல் டேனிஷ்காரர்கள் எழுப்பிய டான்ஸ்போர்க் கோட்டை இது. டென்மார்க் மன்னருக்கு நாயக்கர் பொன்னேட்டில் அனுப்பிய தமிழ்க் கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. ஏட்டுக்குக் கிடைத்த பத்திரம் சுவருக்குக் கிடைக்கவில்லை.

கீழே வளைவுக் கூரையோடு கிடங்கு, சமையலறை, சிறை. மேலே ஆளுநர், பாதிரியார், வணிகர்கள். 1845இல் டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் 12½ லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். 1861இல் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்ததும் சரக்கும் அங்கே போனது. சுதந்திரத்துக்குப் பிறகு அதிகாரிகள் தங்கும் பங்களாவாகக் கிடந்த கோட்டை 1978இல் தொல்லியல் துறைக்கு வந்தது, உள்ளே அருங்காட்சியகம் அமைந்தது.

பழுதுபார்க்கவே இல்லை என்று சொல்லமாட்டேன். டென்மார்க் உதவியோடும் வேலை நடந்திருக்கிறது. ஆனால் ஒரு திட்டத்துக்கும் அடுத்த திட்டத்துக்கும் இடையில் வருடங்கள் ஓடிவிடுகின்றன. உப்புக்காற்று அப்படி இடைவெளி விடுவதில்லை. பூச்சு பொரிந்த இடத்தில் அவசரத்துக்குச் சிமென்ட் அப்பினால் கதை முடிந்தது. உள்ளே இறங்கிய ஈரம் வெளியேற வழியில்லாமல் பழைய செங்கல்லே மாவாக உதிரும். அதற்குச் சுண்ணாம்புதான் மருந்து. அதைப் பக்குவமாகக் குழைக்கத் தெரிந்த கொத்தனார் வேண்டும்.

கடல் என்ன செய்யும் என்று சந்தேகப்படுகிறவர்கள் வடக்கே நாலு எட்டு நடந்தால் போதும். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306இல் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியை அலை கொண்டுபோய்விட்டது.

நாம் கேட்பது புதுத் திறப்புவிழா அல்ல. பராமரிப்புக்கென்று ஆண்டுதோறும் தனி நிதி வேண்டும். சுண்ணாம்பு வேலை தெரிந்த இரண்டு கொத்தனார்களையாவது நிரந்தரமாக வைக்க வேண்டும்; உள்ளூர்ப் பிள்ளைகள் அவர்களிடம் தொழில் பழகட்டும். கரைக்குப் போட்ட கல் சரிந்தால் அடுத்த புயல்வரை காத்திராமல் அடுக்க வேண்டும். கோட்டைக்கு மட்டுமல்ல, எதிரே இருக்கும் ஆளுநர் மாளிகைக்கும் 1792இல் கட்டிய நகர வாசலுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறோம்.

ஆணையை ஆடிக்குள் போடுங்கள். சுண்ணாம்பு ஊறவே வாரக்கணக்கில் ஆகும். பூசியது காயவும் நாள் வேண்டும். ஐப்பசியில் மழை பிடித்துக்கொள்ளும்.