நிறைமாத மாட்டுக்குக் கால்சியம் டானிக் வேண்டாம். கறவை மாட்டுக்குத் தாது உப்பு தவறக் கூடாது
கம்பம் பள்ளத்தாக்குக் கறவை மாடு வளர்ப்போரின் நிலைப்பாட்டு அறிக்கை

கன்று ஈன்ற மறுநாள் காலையில் மாடு எழுந்து நிற்கவில்லை என்றால், அந்த வீட்டின் வருமானமும் அதோடு படுத்துவிடுகிறது. கூடலூர் முதல் சின்னமனூர் வரை ஒன்றிரண்டு ஜெர்சி கலப்பின மாடுகளை நம்பி வாழும் குடும்பங்கள் ஏராளம். ஜெர்சி இரத்தம் கலந்த மாட்டுக்கு, இப்படிப் படுக்கவைக்கும் பால் காய்ச்சல் எளிதில் வரும். மூன்றாம் ஈற்றுக்குப் பிறகு இன்னும் எளிதில் வரும். பெயரில்தான் காய்ச்சல். மாட்டின் உடலோ சில்லிட்டு, தலை விலாப்பக்கம் மடங்கிவிடும்.

காரணம் கணக்கில் இருக்கிறது. மாட்டின் இரத்தத்தில் ஒரு நேரத்தில் ஓடும் கால்சியம் சுமார் 3 கிராம்தான். 6 லிட்டர் சீம்பாலில் வெளியேறுவதோ 12 கிராமுக்குக் குறையாது. மீதியை எலும்பிலிருந்தும் குடலிலிருந்தும் உடல் இழுத்துக்கொள்ள வேண்டும். ஈனுவதற்கு முன்பே கால்சியத்தை அள்ளிக் கொடுத்தால் அந்த இழுக்கும் வேலையை உடல் மறந்துவிடும். தேவைப்படும் நாளில் அது விழித்துக்கொள்ள இரண்டு மூன்று நாள் ஆகும். அதற்குள் மாடு விழுந்துவிடுகிறது.

முல்லைப் பெரியாறு நீரில் இருபோகம் விளையும் இந்த மண்ணில் வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் வைக்கோலில் கால்சியம் குறைவு. இருப்பதையும் அதிலுள்ள ஆக்ஸலேட் கட்டிப்போடுகிறது. கம்பு நேப்பியர் புல்லிலும் ஆக்ஸலேட் உண்டு. ஆகவே கறவைக் காலம் முழுவதும் தாது உப்பு தேவை.

எங்கள் நிலைப்பாடு இதுதான்:

1. பால் கறக்கும் மாட்டுக்குத் தினமும் 30 முதல் 50 கிராம் தாது உப்புக் கலவையைத் தவிட்டோடு கலந்து கொடுக்க வேண்டும்.

2. ஈனுவதற்கு முந்தைய மூன்று வாரங்களில் கால்சியம் டானிக் கூடாது. குதிரைமசாலைக் குறைக்க வேண்டும். பால் காய்ச்சலைத் தடுக்க அந்நாட்களில் தரும் அமில உப்புகளைக் கால்நடை மருத்துவர் சொன்னால் மட்டுமே கொடுக்கலாம்.

3. எந்தப் பொடியும் தீவனத்துக்கு ஈடாகாது. ஈன்ற பின் சில வாரங்களில் வரும் கீட்டோசிஸ் நோய், பாலுக்கேற்ற சத்து வயிற்றுக்குப் போகாததால் வருவது. அதைத் தடுப்பது போதிய அடர்தீவனமும் பசுந்தீவனமும்தான்.

4. படுத்துவிட்ட மாட்டின் வாயில் மருந்தோ கஷாயமோ ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். கால்சியம் ஊசியை மருத்துவரே இரத்தக்குழாயில் மெதுவாக ஏற்ற வேண்டும். வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடலாம்.

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தாது உப்புக் கலவை தயாரித்து வருகிறது. அது ஒவ்வொரு பால் கூட்டுறவுச் சங்கத்திலும் மானிய விலையில் கிடைக்க வேண்டும். இந்தப் பள்ளத்தாக்கின் மண், தீவனம், மாட்டின் இரத்தம் மூன்றையும் தேனி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆய்வு செய்து, இங்கு எது குறைகிறது என்று சொல்ல வேண்டும். தரமுத்திரையும் கலவை விவரமும் தமிழில் அச்சிடாத டானிக்கையும் பொடியையும் விற்க அனுமதிக்கக் கூடாது.

மாடு வளர்ப்போருக்கு ஒரு வேண்டுகோள்: சினை ஊசி போட்ட தேதியைக் குறித்துவையுங்கள். அதிலிருந்து எண்ணினால்தான் அந்த மூன்று வாரம் எப்போது தொடங்குகிறது என்று தெரியும். ஈன்ற மூன்று நாள் வரை மாட்டின் காதைத் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்திருந்தால் விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.