அப்பா பேருக்கு வரும் தபால்

காலையில் எழுந்து பல் தேய்க்கும் முன்பே மூன்று மாடி இறங்கிப் போய்த் தபால் பெட்டியைத் திறந்து பார்க்கிறேன். தபால்காரர் பதினோரு மணிக்குத்தான் வருவார். அது எனக்கும் தெரியும். ஜெர்மனியில் நாலு வருஷம் இருந்தால் இந்த வியாதி வந்துவிடும்.

எனக்கு வர வேண்டியது ஒரே ஒரு கடிதம். என் கையில் இருக்கும் ப்ளூ கார்டு என்ற வேலை அனுமதி அட்டை இந்த மாதம் 19-ஆம் தேதியோடு முடிகிறது. ப்ளூ கார்டில் 27 மாதம் வேலை பார்த்து, பென்ஷன் பணம் ஒழுங்காகக் கட்டி, கொஞ்சம் ஜெர்மன் பேசத் தெரிந்தால் நிரந்தரமாக இருக்க அனுமதி கேட்கலாம் என்கிறது சட்டம். பி1 மொழித் தேர்வில் தேறியிருந்தால் 21 மாதமே போதும். கேட்டேன். கேட்டுப் பதினோரு மாதம் ஆகிறது. விண்ணப்பம் வந்து சேர்ந்தது, திரும்பத் திரும்ப விசாரித்தால் இன்னும் தாமதமாகும் என்று ஒரு தானியங்கி மின்னஞ்சல் வந்தது. அதற்குப் பிறகு மூச்சுப் பேச்சில்லை. சரி, பழைய அட்டை முடிவதற்குள் ஒரு டெர்மீனாவது வாங்கிவிடலாம் என்று பார்த்தால், இங்கேதான் கதையே ஆரம்பம்.

டெர்மீன் என்றால் நேரம் குறித்து வாங்குவது. ஜெர்மனிக்கு வருகிற எந்த வெளிநாட்டுக்காரனும் 'வணக்கம்', 'நன்றி'க்கு அடுத்தபடியாகக் கற்றுக்கொள்ளும் சொல் இது. இணையத்தில் எடுக்க வேண்டும். இரவு பன்னிரண்டுக்குப் புதுத் தேதிகள் திறக்கும் என்பார் ஒருவர். இல்லை, காலை ஏழுக்கு என்பார் இன்னொருவர். இரண்டு நேரத்திலும் முயன்றுவிட்டேன். 'தற்போது தேதிகள் எதுவும் இல்லை' என்ற வாக்கியம் மட்டும் எந்த நேரத்திலும் கிடைக்கிறது.

இத்தனைக்கும் என்னிடம் இருப்பது அமெரிக்கப் பாஸ்போர்ட். இந்தியர்களுக்கான கிரீன் கார்டு வரிசையில், நாட்டுக்கு நூற்றுக்கு ஏழு பேர் என்ற கணக்கில், பன்னிரண்டு வருஷம் நின்று வாங்கியது. குடியுரிமை உறுதிமொழி எடுத்த அன்று, "இனிமேல் எந்த ஆபீஸ் வாசலிலும் நாம் நிற்க வேண்டாம்" என்று மனைவியிடம் சொன்னேன். அன்று அவள் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது அடிக்கடி ஞாபகப்படுத்துகிறாள்.

அமெரிக்கர்களுக்கு ஜெர்மனியில் சலுகை இல்லாமல் இல்லை. அமெரிக்கா, கனடா, ஜப்பான், ஆஸ்திரேலியா, தென்கொரியா போன்ற சில நாட்டுக்காரர்கள் விசா இல்லாமலே வந்து இறங்கி, 90 நாளுக்குள் இங்கேயே விண்ணப்பித்துக்கொள்ளலாம். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! என்னோடு அதே வாரம் வேலையில் சேர இருந்த சென்னைப் பையன், அங்கேயே வேலை விசா வாங்கிக்கொண்டு வந்தான். வந்து இறங்கிய மறுநாள் மடிக்கணினியும் கையுமாக ஆபீசில் உட்கார்ந்திருந்தான். சலுகையோடு வந்த நான், அட்டை வரும்வரை வேலையைத் தொடக்கூடாது. இரண்டரை மாதம் ஏரிக்கரையில் வாத்துக்கு வேடிக்கை காட்டினேன்.

அட்டை வாங்க வேண்டுமானால் முகவரியைப் பதிவு செய்திருக்க வேண்டும். வீடு புகுந்த இரண்டு வாரத்துக்குள் செய்ய வேண்டிய அந்தப் பதிவுக்கு ஆன்மெல்டுங் என்று பெயர். அதற்கு, 'ஆமாம், இவர் என் வீட்டில்தான் குடியிருக்கிறார்' என்று வீட்டுக்காரர் எழுதிக் கையெழுத்துப் போட்ட காகிதம் வேண்டும். வீட்டுக்காரரோ மூன்று மாதச் சம்பளச் சீட்டைக் காட்டினால்தான் வீடு தருவேன் என்கிறார். சம்பளச் சீட்டுக்கு வேலை வேண்டும். வேலைக்கு அட்டை வேண்டும். பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும். கடைசியில் ஒரு புண்ணியவதி, தன் வீட்டுப் பின்னறையை வாடகைக்குக் கொடுத்துக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். அட்டைக்குப் படம் வேண்டுமே என்று பெட்டியில் ஐந்தாறு புகைப்படம் வைத்திருந்தேன். எல்லாம் அமெரிக்க அளவு, இரண்டுக்கு இரண்டு அங்குலச் சதுரம். இங்கே 35-க்கு 45 மில்லிமீட்டர். போய் எடுத்தேன், மீதியைப் பத்திரமாக வைத்திருந்தேன். 2025 மே மாதத்திலிருந்து காகிதப் படமே செல்லாது, டிஜிட்டலில்தான் வர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

வரியைப் பற்றிப் பேசினால் இரத்த அழுத்தம் ஏறும். அமெரிக்கக் குடிமகன் நிலாவுக்குப் போனாலும் அமெரிக்காவுக்கு வரிக்கணக்குக் காட்ட வேண்டும். வெளிநாட்டு வங்கிகளில் எல்லாமாகச் சேர்ந்து 10,000 டாலரைத் தாண்டினால் அதற்கென்று தனி அறிக்கை. இதனால் இங்குள்ள சில வங்கிகள் அமெரிக்கன் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கின்றன. ஓட்டுநர் உரிமம் இன்னும் வேடிக்கை. டெக்சாஸ்காரன் பரீட்சை இல்லாமல் மாற்றிக்கொள்ளலாம், புளோரிடாக்காரன் எழுத்துத் தேர்வு எழுத வேண்டும். நான் பஸ்ஸில் போகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். மகளுக்கு அமெரிக்காவில் பட்டமளிப்பு விழா. 24-ஆம் தேதி விமானம். அட்டை முடிவதற்குள் விண்ணப்பித்துவிட்டால், முடிவு வரும்வரை பழைய அனுமதி நீடிப்பதாகவே கருதப்படும் என்கிறது சட்டம். அதாவது எனக்கு உரிமை இருக்கிறது. அது இருக்கிறது என்று சொல்லும் காகிதம்தான் இல்லை. அந்தக் காகிதத்தின் பெயர் ஃபிக்ட்சியோன்ஸ்பெஷைனிகுங். தமிழில் சொன்னால் 'புனைவுச் சான்றிதழ்'. நான் கேலிக்குச் சொல்லவில்லை, சொல்லுக்குச் சொல் அர்த்தமே அதுதான். ஒரு புனைகதைக்காக இத்தனை அலைச்சல் அலைந்த வாசகன் வேறு எவனும் இருக்க மாட்டான்.

"நீங்கள் அமெரிக்கர்தானே, திரும்பும்போது சுற்றுலாப் பயணியாக வந்துவிடுங்களேன்" என்றாள் எச்.ஆர். பெண். வீடும் வேலையும் இருக்கிற ஊருக்குச் சுற்றுலா! அப்படி வந்தால் வேலை பார்க்க விடுவீர்களா என்று கேட்டேன். அனுமதியின் நகல் கோப்பில் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் கம்பெனிக்கு அபராதம் என்று அதே இனிமையோடு சொன்னாள்.

ஆகவே போன செவ்வாய்க்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு நேரிலேயே போய் நின்றேன். இந்த நாட்டில் வெளிநாட்டினர் அலுவலகங்கள் ஐந்நூறுக்கும் மேல். ஒவ்வொன்றுக்கும் ஒரு வழக்கம். எங்கள் ஊர் வழக்கம், வாசலில் காவலாளியோடு முடிந்துவிடும். டெர்மீன் இல்லாமல் உள்ளே விட முடியாது என்றார். டெர்மீன் கேட்கத்தான் வந்தேன் என்றேன். அதற்கு இணையத்தில் டெர்மீன் எடுக்க வேண்டும் என்றார். பாவம், அவரும் துருக்கிக்காரர். அவர் வீட்டிலும் யாரோ இப்படி நின்றிருப்பார்கள்.

எனக்கு முன்னால் குல்லாய் போட்ட பெரியவர் ஒருவர் பிளாஸ்கும் கையுமாக நின்றுகொண்டிருந்தார். நான் தமிழில் முணுமுணுத்தது காதில் விழுந்துவிட்டது.

"தம்பி, நீங்கள் இந்தியாவோ?"

தஞ்சாவூர்ப் பக்கம் என்றேன். பாஸ்போர்ட் அமெரிக்கா.

"அமெரிக்கப் பாஸ்போர்ட்டை வைச்சுக்கொண்டு ஏன் இந்த லைனிலை நிக்கிறியள்?"

மருமகளின் விசாவுக்காக வந்திருந்தார். அவர் வந்தது 84-இல். ஏழு வருஷம் டுல்டுங்கில் இருந்தாராம். டுல்டுங் என்றால் பொறுத்துக்கொள்வது: உனக்கு அனுமதி இல்லை, ஆனாலும் திருப்பி அனுப்பாமல் சகித்துக்கொள்கிறோம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து முத்திரை வாங்க வேண்டும். மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது. பக்கத்து ஊர்க் கல்யாணத்துக்குப் போகவும் எழுதிக் கேட்க வேண்டும். கேட்டதும் எனக்கு வெட்கமாகிவிட்டது. "உங்களோடு ஒப்பிட்டால் எனக்கு என்னண்ணே" என்று ஆரம்பித்தேன்.

"இல்லைத் தம்பி," என்று கையை ஆட்டினார். "அப்ப இந்த டெர்மீன் கோதாரி கிடையாது. விடிய வந்து நிண்டால் அண்டைக்கே உள்ளுக்கை விட்டிடுவாங்கள்."

பிளாஸ்க் மூடியில் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். ஒன்பது மணிவரை நின்றோம். பெட்டியில் போட்டுவிட்டுப் போகலாம் என்று ஒரு படிவம் கொடுத்தார்கள். போட்டுவிட்டு வந்தேன்.

அதற்கான பதில் தபாலில் வரும். இங்கே அடுக்குமாடி வீடுகளுக்குக் கதவு எண் கிடையாது. பெட்டியில் எழுதியிருக்கும் குடும்பப் பெயரைப் பார்த்துத்தான் தபால் போடுவார்கள். நம் ஆட்களுக்கு ஏது குடும்பப் பெயர்? என் பெயருக்கு முன்னால் இருந்த ஒற்றை இனிஷியல், அமெரிக்கப் பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப் பெயராக விரிந்து கடைசியில் போய் உட்கார்ந்துவிட்டது. அமெரிக்காவில் எல்லோரும் முதல் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதால் இது உறைக்கவில்லை. இங்கே பல் டாக்டர் கூப்பிடுவதும் அப்பாவை, வரி ஆபீஸ் எழுதுவதும் அப்பாவுக்கு. மன்னார்குடியைத் தாண்டிக் கும்பகோணம் போவதற்கே யோசித்தவர், இறந்து பதினெட்டு வருஷம் கழித்து ஜெர்மனியில் ஒரு தபால் பெட்டி வைத்திருக்கிறார்.

இன்று பதினோரு மணிக்கு இறங்கிப் போனேன். ஒரு உறை இருந்தது. அரசாங்கக் கடிதம் மாதிரியே பழுப்புக் காகிதம், ஜன்னல் வைத்தது. மாடிப்படியிலேயே கிழித்தேன். 'மிகவும் மதிப்பிற்குரிய' என்று தொடங்கி அப்பா பேர். வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம், மாதம் 18.36 வீதம் மூன்று மாதத்துக்கு 55 யூரோ 8 சென்ட். வீட்டில் வானொலியும் இல்லை, தொலைக்காட்சியும் இல்லை. அது கணக்கில் வராது. வீடு இருந்தாலே கட்ட வேண்டும். நான் இங்கே குடியிருக்கிறேன் என்பதில் இவர்களுக்கு மட்டும் ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.

அப்பா அந்தக் காலத்தில் வால்வு ரேடியோவுக்கு லைசென்ஸ் கட்டத் தபாலாபீசுக்கு என்னையும் சைக்கிளில் கூட்டிக்கொண்டு போவார். சின்னப் புத்தகத்தில் ஸ்டாம்பு ஒட்டி முத்திரை குத்தித் தருவார்கள். ஒரு வருஷம்கூடத் தவறவிட்டதில்லை. மாடி ஏறி வந்து, அவர் பேருக்கு வந்த பணத்தைக் கட்டினேன்.