கூச்சப்படும் பிள்ளைக்கு நாடகம் எதற்கு?

"நாடகமெல்லாம் வாய்த்துடுக்கான பிள்ளைகளுக்கு. எங்கள் பையன் நாலு பேர் முன்னால் வாயே திறக்கமாட்டான்; அவனைப் போய் மேடையில் நிறுத்துவதா?" பிள்ளையை நாடகப் பயிற்சிக்கு அனுப்புங்கள் என்றால் முதலில் வரும் பதில் இது. பின்னாலேயே இன்னும் சில வரும்: படிப்பு கெடும், நடிப்பு பாசாங்கைப் பழக்கும், ஆண்டு விழாவில்தான் நடிக்கவைக்கிறார்களே.

கடைசியிலிருந்தே வருவோம். ஆண்டு விழாவில் பெரும்பாலும் வசனம் ஒலிபெருக்கியில் ஓடுகிறது, பிள்ளைகள் வாயசைக்கிறார்கள். நன்றாகப் பேசும் இரண்டு பேர் ராஜா ராணி. மற்றவர்கள் மரம், சேவகன். இதனால் எந்தப் பிள்ளைக்கும் கூச்சம் போகாது, உண்மைதான். ஆனால் இதை வைத்து நாடகத்தை எடைபோடக் கூடாது.

கூச்சத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் நாடகப் பயிற்சியாளர் வயோலா ஸ்போலின் சிகாகோ நகரத்துக் குடியேறிகளின் பிள்ளைகளோடு வேலை செய்தவர். அங்கே உருவாக்கிய விளையாட்டுகளை 1963-இல் புத்தகமாகவும் எழுதினார். அவற்றில் கண்ணாடி விளையாட்டு பிரபலம். இரண்டு பேர் எதிரெதிரே நிற்பார்கள். ஒருவர் அசைவதை மற்றவர் பிம்பம்போல அப்படியே செய்யவேண்டும். பேச்சு கிடையாது, பார்வையாளர் கைதட்டலும் தேவையில்லை. எதிரில் இருப்பவரின் விரல் எங்கே போகிறது என்று கவனிக்கிற பிள்ளைக்கு, தன்னை யார் பார்க்கிறார்கள் என்று நினைக்க நேரமிருக்காது. கூச்சத்தின் வேரே அந்த நினைப்புதானே? "சபாஷ்", "தப்பு" என்று ஆசிரியர் தீர்ப்புச் சொல்லிக்கொண்டே இருப்பதையும் ஸ்போலின் ஏற்கவில்லை. மேடை இதற்கெல்லாம் வெகு பின்னால் வருவது. வராமலே போனாலும் குறையில்லை.

படிப்பு? டொரன்டோவில் உளவியலாளர் கிளென் ஷெலன்பெர்க் ஆறு வயதுப் பிள்ளைகள் 144 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்து 2004-இல் வெளியிட்டார். இசை கற்றால் அறிவுத்திறன் கூடுமா என்பதே அவர் கேள்வி. ஒப்பிட்டுப் பார்க்கத்தான் ஒரு குழுவுக்கு நாடக வகுப்பு வைத்தார். அறிவுத்திறன் மதிப்பெண்ணில் இசைக் குழுக்கள் சற்று முந்தின. நாடகம் அதில் எதையும் கூட்டவில்லை. ஆகவே நாடகம் கற்றால் மதிப்பெண் ஏறும் என்று விளம்பரம் செய்பவர்களை நானும் நம்பமாட்டேன். ஆனால் பிறரோடு பழகும் விதத்தில் முன்னேறியது நாடகக் குழு மட்டுமே. பெற்றோர் தந்த மதிப்பீடுதான். இருந்தாலும் ஆய்வாளர் தேடாத இடத்தில் கிடைத்த முடிவு என்பதால் எனக்கு அதன்மேல் நம்பிக்கை கூடுதல்.

பாசாங்கு என்பதற்கு நீண்ட பதில் வேண்டாம். பொய் சொல்பவனுக்கு எதிராளியை ஏமாற்றவேண்டும். நாடகத்திலோ இரண்டு பேருக்கும் அது விளையாட்டு என்று தெரியும்.

நாடகத்துக்குப் போன பிள்ளை பள்ளிக்கும் வீட்டுக்கும் இல்லாமல் போய்விடும் என்று தாத்தாக்கள் சொல்லும் மறுப்பில்தான் கொஞ்சம் வலு இருக்கிறது. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய பால சபாவில், பின்னாளில் நாடக உலகில் பெயர்பெற்ற டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவயதிலேயே சேர்ந்தார்கள். பாய்ஸ் கம்பெனிகள் எனப்பட்ட இத்தகைய சிறுவர் நாடகக் குழுக்களில் பிள்ளைகள் பள்ளியை விட்டு, வீட்டை விட்டு ஊர் ஊராகப் போனார்கள், கண்டிப்பும் கடுமை. பெரிய நடிகர்கள் கிடைத்தார்கள் என்பதற்காக அதை நியாயப்படுத்த முடியாது. ஆனால் அங்கே பிள்ளை தொழிலாளி. பள்ளி முடிந்து ஒரு மணி நேரம் விளையாடப் போகிற பிள்ளைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

எனக்குப் பதில் தெரியாத புகார் ஒன்று உண்டு: கட்டணம். கோடை முகாம்களுக்குப் பணம் கட்ட எல்லோராலும் முடியாது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022 முதல் நடக்கும் கலைத் திருவிழா இலவசம், நல்ல முயற்சி. ஆனால் அது போட்டி; வென்றவர்தான் அடுத்த சுற்றுக்குப் போகலாம். நாடகம் யாருக்கு அதிகம் தேவையோ, அந்தப் பிள்ளை முதல் சுற்றுக்குப் பெயரே கொடுத்திருக்காது.