ஒரு பழைய லேப்டாப்புக்காக வீட்டு வைஃபையையே பலவீனமாக்கலாமா?

ரவுட்டரை டபிள்யூபிஏ3-க்கு மாற்றிவிட்டீர்கள். போன், டிவி, ஆபீஸ் லேப்டாப் எல்லாம் இணைந்துவிட்டன. அப்பாவின் விண்டோஸ் 7 கணினி மட்டும் முரண்டு பிடிக்கிறது. 'சரி, பழைய செட்டிங்கே இருக்கட்டும்' என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

அப்படி என்ன வித்தியாசம்?

1990-களில் வந்த டபிள்யூஇபி, 2001-லேயே உடைக்கப்பட்டுவிட்டது. 2004-ல் வந்த டபிள்யூபிஏ2-தான் இன்றும் பல வீடுகளில் இருக்கிறது. அதில், உங்கள் போன் ரவுட்டருடன் இணையும்போது நடக்கும் பரிமாற்றத்தை அருகில் இருப்பவர் பதிவு செய்துகொள்ள முடியும். பிறகு நிதானமாக, லட்சக்கணக்கான பாஸ்வேர்டுகளை அதில் பொருத்திப் பார்க்கலாம். 2018-ல் அறிமுகமான டபிள்யூபிஏ3-ல் இது நடக்காது. ஒவ்வொரு ஊகத்துக்கும் ரவுட்டரிடமே வந்து கேட்டாக வேண்டும்.

யாராவது நுழைந்தால் என்ன ஆகிவிடும்?

2008 ஜூலை 26, அகமதாபாத் தொடர் குண்டுவெடிப்பு. அதற்குச் சில நிமிடங்களுக்கு முன் மிரட்டல் மின்னஞ்சல் ஒன்று போனது. ஐபி முகவரியைப் பின்தொடர்ந்த போலீஸ், நவி மும்பையில் வசித்த ஓர் அமெரிக்கரின் வீட்டுக்குப் போனது. அவரது வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். உங்கள் இணைப்பில் நடப்பதற்கு முதல் கேள்வி உங்களிடம்தான் வரும்.

அப்போ பழைய கணினியை என்ன செய்வது?

- விண்டோஸ் 10 என்றால் முதலில் அப்டேட் செய்யுங்கள். 2019 மே அப்டேட்டில் இருந்து டபிள்யூபிஏ3 வசதி உண்டு. வைஃபை கார்டும் டிரைவரும் ஒத்துழைக்க வேண்டும்.
- ஒரே இடத்தில் இருக்கும் கணினியா? லேன் கேபிள் போதும்.
- ரவுட்டரில் 'கெஸ்ட் நெட்வொர்க்' இருந்தால், டபிள்யூபிஏ2-ஏஇஎஸ், தனி பாஸ்வேர்டுடன் பழைய கணினியை அதில் ஒதுக்குங்கள்.
- இது எதுவும் முடியாவிட்டால் டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3 கலப்பு முறை. ஆனால் இரண்டுக்கும் ஒரே பாஸ்வேர்டு என்பதால் பழைய ஆபத்து அப்படியே இருக்கும். போன் நம்பர், பிறந்தநாள் வேண்டாம். நீளமாக, ஊகிக்க முடியாததாக வையுங்கள்.

டபிள்யூஇபி, டிகேஐபி பக்கம் மட்டும் போகவே வேண்டாம். டிகேஐபி வைத்தால் வேகமும் 54 எம்பிபிஎஸ்ஸில் முட்டி நின்றுவிடும்.

இன்னொன்று: விண்டோஸ் 7-க்கான பொதுவான பாதுகாப்பு அப்டேட்கள் 2020 ஜனவரியிலேயே நின்றுவிட்டன. வைஃபையை எப்படிப் பூட்டினாலும், அந்தக் கணினியில் நெட் பேங்கிங் வேண்டாம் என்று அப்பாவிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.